தாபரிப்புக் காசு எத்தனை வருடம் வரும்? ஒரு கேள்வியும் என் சீ.ஆர். கொப்பியும்

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகி
2024 மார்ச் 2

என் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அத்தான் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. செலவுக்கு மாதக் காசு கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போடு என்றால், "போட்டால் எத்தனை வருடத்துக்குக் காசு வரும், முதல் அதைச் சொல்லு" என்கிறாள். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள், வாழ்ந்த வருடத்தில் பாதி என்கிறாள். அப்படியென்றால் ஏழு வருடம். அம்மா, அவன் கண்ணை மூடும்வரை என்கிறார். யார் சொல்வது சரி? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 2, இரவு 10.40

மச்சாளும் பிழை, அம்மாவும் பிழை. அம்மா கொஞ்சம் கிட்ட.

இங்கே இலங்கையில் வருடக் கணக்கே கிடையாது. இத்தனை வருடம் வாழ்ந்தால் இத்தனை வருடம் காசு என்ற வாய்பாடு நம் சட்டத்தில் இல்லை. என் கட்டளையில் முடிவுத் திகதி என்று ஒன்று எழுதப்படவே இல்லை. 2009 இல் தொடங்கியது இன்னும் வருகிறது. நடுவில் நின்றது, குறைந்தது, கூடியது. எல்லாவற்றையும் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கெழுதுவது என் தொழில், அதனால் இதையும் விட மனம் வரவில்லை. திகதி, தொகை, எப்படி வந்தது, குறிப்பு என்று நான்கு நிரல். குறிப்பு நிரல்தான் எப்போதும் இடம் போதாமல் பக்கத்து வரிக்கு வழிந்திருக்கும்.

மறுமணம் செய்தால் நின்றுவிடும். அது மட்டும் நிச்சயம்.

மார்ச் 3, காலை

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன்.

பிரிந்திருப்பது வேறு, விவாகரத்தானது வேறு. ஏற வேண்டிய படியும் வேறு. உங்கள் அக்கா இன்னும் சட்டப்படி மனைவிதான், ஆகவே அவளுக்கு முதல் இடம் நீதவான் நீதிமன்றம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். அதற்கு முன் 1889 இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த கட்டளைச் சட்டம்தான் நூற்றுப் பத்து வருடம் ஓடியது. இப்போதைய சட்டப்படி அத்தானிடம் போதிய வசதி இருக்க வேண்டும், இருந்தும் அவர் பராமரிக்காமல் விட்டிருக்க வேண்டும், அக்காவால் தன் செலவைத் தானே பார்க்க முடியாமல் இருக்க வேண்டும். இதைக் காட்டினால் மாதம் இவ்வளவு என்று கட்டளை கிடைக்கும். எவ்வளவு காலத்துக்கு? யாராவது ஒருவர் போய் அதை மாற்றும்வரை, அல்லது ரத்துச் செய்யும்வரை, அல்லது திருமணமே முடியும்வரை. திருமணம் முடிந்தால் அவள் வாழ்க்கைத்துணை இல்லை. அவளுடைய பங்கு அதோடு சரி. பிள்ளைகளின் பங்கு இதில் அடிபடாது.

அடுத்தது மாவட்ட நீதிமன்றம், விவாகரத்து நடக்கும் இடம். வழக்கு ஓடும் காலத்துக்கு ஒரு தாபரிப்பு, தீர்ப்போடு சேர்த்து நிரந்தரத் தாபரிப்பு. சிவில் நடவடிக்கைமுறைக் கோவையில் 614, 615 ஆம் பிரிவுகள். "நிரந்தர" என்ற சொல்லைக் கண்டு குளிர்ந்துவிட வேண்டாம். அந்த 615 இலேயே கீழே, இந்தக் கட்டளையை நீதிமன்றம் எப்போதும் நீக்கலாம், மாற்றலாம், கொஞ்சக் காலம் நிறுத்தி வைக்கலாம், திரும்ப உயிர்ப்பிக்கலாம், கூட்டலாம் என்று இருக்கிறது. என் கொப்பியில் இவை கிட்டத்தட்ட எல்லாம் நடந்திருக்கின்றன.

மார்ச் 3, இரவு

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: "சும்மா பேசிப் பிரிந்துவிட்டு, ஒரு கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதாதா?"

போதாது மட்டுமல்ல, அதுதான் குழி. இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை போட முடியாது என்று அதே 1999 சட்டம் சொல்கிறது. (வேறொருவரோடு தகாத தொடர்பில் வாழ்ந்தாலும் அப்படித்தான்.)

நான் இந்தக் குழிக்குள் ஒரு காலை வைத்தவள். 2008 கடைசியில் என் கணவர் தெகிவளையில் வீடு எடுத்துப் போன பிறகு, என் பெரியப்பா எங்கள் இருவரையும் ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். பெரியப்பா நல்ல மனிதர், சண்டை என்றாலே கை நடுங்கும். "பிள்ளை, ஊர் சிரிக்கப்போகுது, இரண்டு பேரும் இணங்கித்தான் பிரியிறம் எண்டு எழுதிக் குடு, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பேனையைக் கையில் எடுத்தபோதுதான் பக்கத்துக் கதிரையில் வேறு முறைப்பாட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா, எனக்குத் தெரியாத சிங்கள அம்மா, மெல்லிய குரலில் "துவ, கியவல அஸ்சன் கரன்ன" என்றார். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு மகள் என்று. வாசித்துக் காட்டச் சொன்னேன். "இரு தரப்பும் விருப்பத்துடன்" என்று இருந்தது. "எனக்கு விருப்பமில்லை, அவர்தான் போனவர்" என்று எழுதச் சொன்னேன். பெரியப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த ஒரு வரிதான் பிறகு எனக்குச் சோறு போட்டது. அக்காவிடம் சொல்லுங்கள், சமாதானம் பேச யார் கூப்பிட்டாலும் போகட்டும், பேசட்டும், பிளேன்டீ குடிக்கட்டும். கையெழுத்து மட்டும் வேண்டாம்.

மார்ச் 5

மச்சாளுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் சொன்னது அவர் ஊரில் முழுப் பிழை இல்லை. என் தங்கச்சியும் அங்கேதான், அவளிடம் கேட்டு எழுதுகிறேன்.

கனடாவில் 2008 இல் வாழ்க்கைத்துணை ஆதரவுக்கு ஒரு வழிகாட்டி வந்தது. சட்டம் இல்லை, ஆலோசனைதான், ஆனால் சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் அதை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். பிள்ளைகள் இல்லாத வழக்கில், சேர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை வருடம் முதல் ஒரு வருடம் வரை காசு. ஆகவே பதினான்கு வருடத்துக்கு ஏழு முதல் பதினான்கு. மச்சாள் கீழ்ப் பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார், யார் பக்கம் நின்று பேசுகிறாரோ தெரியாது. இருபது வருடமோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் முடிவுத் திகதி குறிக்காத கட்டளை. அப்புறம் அறுபத்தைந்து விதி என்று ஒன்று. வாழ்ந்த வருடத்தையும், பிரியும்போது காசு வாங்குகிறவரின் வயதையும் கூட்டினால் அறுபத்தைந்து அல்லது அதற்கு மேல் வந்தால் அங்கேயும் திகதி இல்லை. ஐந்து வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால் கணக்கு வேறு மாதிரிப் போகும்.

திகதி இல்லை என்றால் சாகும்வரை என்று அர்த்தம் இல்லை என்று தங்கச்சி மூன்று முறை சொன்னாள். நிலைமை மாறினால் அங்கேயும் போய்க் கேட்கலாம்.

காசு கட்டாதவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒன்ராரியோவில் அதற்கென்று இருக்கும் அரச அலுவலகம் இடைநிறுத்தும். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஸ்காபரோவில் கார் ஓட முடியாத ஆம்பிளை வேறு என்னதான் செய்வது!

மார்ச் 6

"பெண்களுக்கு மட்டும்தானா சட்டம்?" என்று கோபமாகக் கேட்ட ஐயாவுக்கு. இல்லை. 1999 சட்டம் வாழ்க்கைத்துணை என்றுதான் சொல்கிறது, மனைவி என்று அல்ல. உங்களால் உங்களைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, மனைவிக்கு வசதி இருக்கிறது, அவர் பார்க்காமல் விட்டுவிட்டார் என்றால் தாராளமாகப் போங்கள். சம்பளப் பட்டியலைக் கொண்டுபோக மறக்க வேண்டாம்.

மார்ச் 9, அதிகாலை 1.15

சிவராத்திரி. கோயிலில் மூன்றாம் சாமம் முடியும்வரை இருக்க நினைத்தேன், முழங்கால் விடவில்லை. வீட்டில் விழித்திருக்கிறேன், அதனால் நீளமாக எழுதப்போகிறேன்.

2009 இல் நீதவான் கட்டளை: எனக்கு 10,000, மகளுக்கு 7,500. அந்த நாலு வருடமும் ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. காரணம் அவருடைய நல்ல மனம் இல்லை. தாபரிப்புக் கட்டாவிட்டால் பிடியாணை வரும், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை உள்ளே இருக்க வேண்டி வரலாம், சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லி வேலைத்தலத்துக்கும் கட்டளை போகலாம். அவருடைய அலுவலகத்தில் அவர் பெரிய கதிரையில் இருந்தார். கணக்குப் பிரிவுப் பெடியன் ஒருவன் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு ஆகாது.

2010 இல் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட்டார், நான் கைவிட்டுப் போனேனாம். பொதுச் சட்டத்தில் நம் நாட்டில் விவாகரத்துக்குக் காரணம் மூன்றுதான்: வேறொருவரோடு உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கல்யாண நேரத்திலேயே இருந்த தீராத இயலாமை. பிடிக்கவில்லை, ஒத்துவரவில்லை என்பதெல்லாம் காரணம் ஆகாது. அதனால் யாராவது ஒருவர் மேல் பிழையைச் சுமத்தியே ஆக வேண்டும். நாமும் பதிலுக்குச் சுமத்தினோம்.

என் முதல் சட்டத்தரணி பதிலறிக்கையை எழுதினார். அழகான ஆங்கிலம். மகளின் பாதுகாப்புக் கேட்டிருந்தார், என் நகை கேட்டிருந்தார். நிரந்தரத் தாபரிப்பு கேட்கவில்லை. "அதுதான் மெஜிஸ்ட்ரேட்டில் வருகுதே" என்றார். நானும் தலையாட்டினேன். கணக்கெழுதுகிறவள், ஒரு வருமானம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று பார்க்கத் தெரிந்தவள், இதைப் பார்க்கவில்லை. ஒரு நாள் புதுக்கடையில் நீதிமன்றத் தொகுதிக்கு வெளியே புகைப்படப் பிரதி எடுக்க நின்றபோது, வரிசையில் பின்னால் நின்ற ஒரு இளம் சட்டத்தரணிப் பிள்ளை என் தாளைப் பார்த்துவிட்டு, "அன்ரி, தீர்ப்பு முற்றானதும் அங்க உங்கட காசு நிண்டிடும், இதில கேட்டிருக்கிறீங்களா?" என்றாள். முற்றாவது என்றால், முதலில் இடைக்காலத் தீர்ப்பு, அது போய்க் குறைந்தது மூன்று மாதத்தின் பின் முடிவான தீர்ப்பு.

பதிலறிக்கையைத் திருத்தினோம். அந்தப் பிள்ளையே பிறகு என் சட்டத்தரணி ஆனாள். 2013 இல் தீர்ப்பு. மாதம் 15,000, யூன் முதல்.

ஆகவே அக்கா விவாகரத்துக்குப் போகும்போது இதைக் கேட்டாளா என்று நீங்கள் பத்து முறை கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978 முதல் இருக்கிறது, தாபரிப்பு வழக்குகள் அவர்களுக்குத் தினப்பாடு. கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

மார்ச் 9, மத்தியானம்

நான் முதல் நாள் "மறுமணம் செய்தால் நின்றுவிடும், அது மட்டும் நிச்சயம்" என்று எழுதியதை ஒரு வாசகர் பிடித்துவிட்டார். எந்தப் பிரிவு என்று கேட்டார்.

அலுமாரியைத் திறந்து தீர்ப்பை எடுத்தேன். கற்பூர உருண்டை மணக்கிறது. ஐந்தாம் பந்தியில் "வழக்காளி பிரதிவாதிக்கு அவர் மறுமணம் செய்யும்வரை அல்லது நீதிமன்றம் வேறு கட்டளை பிறப்பிக்கும்வரை" என்று இருக்கிறது. அதாவது என் கட்டளையில் அப்படி எழுதியிருந்ததை நான் ஊர்ச் சட்டமாக நினைத்துக்கொண்டு பதினொரு வருடம் இருந்திருக்கிறேன். இங்கிலாந்தில் வாங்குகிறவர் மறுமணம் செய்தால் மாதக் காசு நிற்கும் என்று அவர்களின் 1973 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கனடாவில் மறுமணம் செய்தால் தானாக நிற்காது, போய்க் கேட்க வேண்டும். இங்கே கட்டளையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் நாள் எழுதியதை வெட்டவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

எனக்கு மறுமணம் பேசி வந்தார்கள், 2015 இல், வவுனியாவில் ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர். மாதம் 15,000 போய்விடும் என்று அம்மா கணக்குப் பார்த்தார். நான் கணக்குப் பார்க்கவில்லை, அவர் வீட்டில் நாலு நாய்.

மார்ச் 11

"125 ஆம் பிரிவில் விவாகரத்தான பெண்ணுக்கும் மறுமணம்வரை உண்டே, நீங்கள் பிழையாகச் சொல்கிறீர்கள்" என்று எழுதியவருக்கு. அது இந்தியா. அவர்களிடம் 2024 யூன்வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவில் மனைவி என்பதற்குள் விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவளும் அடங்கினாள். நம் தாபரிப்புச் சட்டத்தில் அப்படி இல்லை. சென்னை நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்து "ஜீவனாம்சம்" கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் நிற்கிற அக்காமாரை நானே கண்டிருக்கிறேன். சொல் அங்கிருந்து வரட்டும், சட்டத்தை இங்கே பார்க்க வேண்டும்.

தெமட்டகொடைத் தம்பி ஒருவர் தன் ராத்தாவுக்காகக் கேட்டிருக்கிறார். இருவரும் முஸ்லிம்களாக இருந்து கல்யாணம் நடந்திருந்தால் நான் மேலே எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டம், காதி நீதிமன்றம். விவாகரத்துக்குப் பிறகு மனைவிக்கான செலவு இத்தாக் காலத்துக்குத்தான், மூன்று மாதவிடாய்க் காலம், கர்ப்பிணி என்றால் பிரசவம்வரை. பிள்ளைகளின் செலவு அதற்குப் பிறகும் தொடரும். மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை), கைக்கூலி (பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுத்த காசு) பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே கேட்கலாம். இதற்கு மேல் எழுதினால் நான் அதிகப்பிரசங்கி.

மார்ச் 17

எத்தனை வருடம் என்று கேட்கிறோமே, அந்தக் காசுக்கு எத்தனை வருடம் உயிர் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2013 யூன், 15,000. குறிப்பு: "வாடகைக்கு 9, மிச்சம் மகளின் வகுப்புக் காசு."

2019 மே, 15,000. குறிப்பு: "ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு அவருடைய கொம்பனியில் சம்பளம் குறைப்பாம். மகள் சொன்னாள்."

2020 ஏப்ரல் முதல் ஓகஸ்ட்வரை ஐந்து வரி. தொகை நிரலில் கோடு. குறிப்பு ஏப்ரலுக்கு மட்டும்: "ஊரடங்கு." மற்ற நாலும் வெறுமை.

செப்டெம்பரில் 8,000 வந்தது. அவர் உல்லாசப் பயணத் துறை, கொரோனாவில் எல்லாம் படுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்துக்குப் போய் 8,000 ஆகக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். நான் எதிர்க்கவில்லை. அந்த ஐந்து மாதத்து 75,000 ஐயும் கேட்கவில்லை. என் சட்டத்தரணிப் பிள்ளை கத்தினாள். மாவட்ட நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுவது கடன் தீர்ப்பை நிறைவேற்றுவது போல, நீதவான் நீதிமன்றப் பிடியாணை மாதிரிச் சட்டென்று பயம் காட்டாது, அதனால் சூட்டோடு கேட்க வேண்டும் என்றாள். எனக்குக் காலி வீதியில் அவரைக் கண்ட ஞாபகம் வந்தது. முகக்கவசத்தோடு, கையில் இரண்டு கிலோ அரிசிப் பையோடு, பஸ்ஸுக்கு நின்றார். கார் விற்றுவிட்டார் போல. கேட்க மனம் வரவில்லை.

பிறகு 2022. மார்ச்சில் டொலர் 200 இலிருந்து பாய்ந்தது, மே மாதம் 360. பன்னிரண்டரைக் கிலோ காஸ் ஐயாயிரத்தைத் தொட்டது, அதுவும் வரிசையில் இரவு முழுக்க நின்றால். யூனில் பெட்ரோல் லீற்றர் 470. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் எழுபது சதவீதத்துக்குப் பக்கம். என் கொப்பியில் யூலைக்குக் குறிப்பு: "8,000 = ஒரு காஸ் + ஐந்து கிலோ அரிசி + பருப்பு அரைக் கிலோ + பிளாஸ்டர்." காஸ் வரிசையில் காலை வெட்டிக்கொண்டதற்கு பிளாஸ்டர்.

கட்டளை உயிரோடுதான் இருந்தது. மாதம் தவறாமல் காசும் வந்தது. அம்மாவின் கணக்கில் அது சாகும்வரை வரும் காசு. அந்த வருடம் அது எனக்கு ஒரு வாரம் வந்தது.

உணர்ச்சியை விட்டுவிட்டு 2022 கடைசியில் கூட்டச் சொல்லிப் போட்டேன். அவருடைய கொம்பனியில் திரும்ப வெளிநாட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். 2023 பெப்ரவரி முதல் 20,000.

மார்ச் 17, பின்னேரம்

மேலே எழுதியதை மகள் வாசித்துவிட்டு, "அம்மா, அப்பா அரிசிப் பையோட நிண்டதை எழுதியிருக்கத் தேவையில்லை" என்றாள். தேவைதான். அதனால்தான் 75,000 போனது.

மார்ச் 24

பிள்ளைகள் பற்றி ஒருவர் கேட்டதற்கு வேறொரு இடத்தில் "25 வயதுவரை வரும்" என்று போட்டிருந்தேன். அது அரைகுறை. பதினெட்டு வரைக்கும் பிள்ளை என்ற கணக்கில் வரும். 18 முதல் 25 வரை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத வயது வந்த பிள்ளைக்கும் கேட்கலாம், தானாக நீளாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இந்த வயது எல்லை இல்லை.

என் மகளுக்கு 2018 இல் பதினெட்டு. 7,500 நின்றது. கம்பஸ் படிப்பு இருந்தது, கேட்டிருக்கலாம். வயது வந்துவிட்டதால் அவளேதான் கேட்க வேண்டும் என்றார்கள். "அப்பாவுக்கு எதிரா என்ர பேரில வழக்கோ? வேண்டாம்" என்றாள். மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து பஸ் காசைப் பார்த்துக்கொண்டாள். கொப்பியில் அவளுடைய பக்கம் பாதியோடு நிற்கிறது, மிச்சத் தாள்களில் அவள் பூ வரைந்திருக்கிறாள்.

ஏப்ரல் 10

புதுவருடத்துக்குப் பலகாரம் செய்ய வேண்டும், நேரமில்லை, ஆனாலும் இதை எழுதாவிட்டால் நித்திரை வராது. "மாதக் காசா, மொத்தமாகவா?" என்று கொட்டாஞ்சேனைத் தங்கச்சி போனில் கேட்டாள்.

615 இல் நாலு வழி இருக்கிறது. சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம், ஒரு மொத்தத் தொகை கட்டச் சொல்லலாம், மாதமோ வருடமோ கட்டச் சொல்லலாம், அந்தக் கட்டணத்துக்குப் பிணை வைக்கச் சொல்லலாம்.

2013 இல் அவர் பக்கம் 25 இலட்சம் தருகிறேன், மாதக் காசு வேண்டாம் என்றார்கள். சட்டத்தரணிப் பிள்ளை எடு என்றாள். அந்த நாளில் நிலையான வைப்புக்கு 12 வீதம் சாதாரணம். 25 இலட்சத்துக்கு வருடம் 3 இலட்சம் வட்டி, மாதம் 25,000. முதல் கைவைக்காமல் இருக்கும். நான் எடுத்ததோ மாதம் 15,000. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. எனக்கு விளங்கவில்லையா? விளங்கியது. மாதத்தில் ஒரு நாளாவது வங்கிக்குப் போய் என் பெயரை அவர் கையால் எழுத வேண்டும் என்று நினைத்தேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் 2014 இலேயே வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிட்டார், காசு தானாக வரத் தொடங்கியது. என் பெயரை எழுத ஒரு நாளும் அவருக்கு வேலை இருக்கவில்லை.

நேற்று இரவு கூட்டிப் பார்த்தேன். 2013 யூன் முதல் இந்த ஏப்ரல்வரை: 82 மாதம் 15,000, 5 மாதம் கோடு, 29 மாதம் 8,000, 15 மாதம் 20,000. மொத்தம் 17 இலட்சத்து 62 ஆயிரம். 25 இலட்சத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே காலத்தில் வழக்கு நடத்திய தோழி மொத்தமாக எடுத்தாள். கூடுதல் வட்டி தருகிறோம் என்ற ஒரு நிதி நிறுவனத்தில் போட்டாள். நிறுவனம் படுத்துவிட்டது. அவள் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 11

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒன்று, இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம், உங்களுக்குப் பொருந்துமென்றால், தாபரிப்பைப் பேசுவதற்கு முன் தேடியதேட்டத்தைப் பேசுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது யார் பெயரில் இருந்தாலும் மற்றவருக்குப் பாதி என்ற பேச்சு அதில் இருக்கிறது. சீதனமும் முதுசமும் தனி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொருந்துமா என்பதே வழக்கில் முதல் சண்டையாக வரும், எங்களுக்கும் வந்தது. இரு வீட்டாரும் பருத்தித்துறைப் பக்கம் என்பதால் தப்பியது. 2003 இல் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வாங்கிய இரண்டறை வீட்டில் எனக்குப் பாதி. அவருடைய பாதியை அவர் ஒரு ஆளுக்கு விற்றார், நான் என் பாதியை வைத்திருக்கிறேன், வாடகை வருகிறது. அந்த வாடகைக்கு நான் கொப்பி எழுதுவதில்லை, எழுத ஒன்றும் இல்லை.

தாலிக்கொடியைக் கேட்காதீர்கள். அது செட்டியார் தெருவில் 2010 இலேயே முதல் சட்டத்தரணியின் கட்டணமாகிவிட்டது.

ஏப்ரல் 21

"கணவர் லண்டனில், இங்கே கட்டளை எடுத்துப் பயன் உண்டா?" உண்டு, நீளமான வேலை. வெளிநாட்டிலிருந்து தாபரிப்பு அறவிட 1956 இல் நியூயோர்க்கில் செய்த உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது, பிரித்தானியாவும் இருக்கிறது. கனடா இல்லை. கனடாவில் என்றால் அங்கேயே சட்டத்தரணி பிடிப்பதைப் பற்றி யோசியுங்கள்.

ஏப்ரல் 28, இரவு

பலர் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். அவருக்கு அறுபது முடிந்து ஓய்வு. ஊழியர் சேமலாப நிதியும் எடுத்தாயிற்றாம். மாதக் காசை முற்றாக நீக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். ஏப்ரல் விடுமுறை முடிந்து நாளைதான் தவணை. சேமலாப நிதியில் ஒரு பகுதியை மொத்தமாகக் கேள் என்று சட்டத்தரணிப் பிள்ளை சொல்கிறாள். கேட்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். போன தடவையும் இரவு இப்படி நினைத்துவிட்டு, காலையில் அங்கே அவரைக் கண்டதும் வேறு ஒன்றைச் சொன்னேன். அதனால் தொகையை எழுதிப் பிள்ளையிடம் இன்றே கொடுத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி, அக்காவும் நாளைதான் முதல் தடவை போகிறாள் என்று எழுதியிருந்தாய். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் மூலப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அத்தானின் வேலைத்தல விலாசம், அடையாள அட்டை. எட்டரைக்கே போய்விடச் சொல்லு. தண்ணீர்ப் போத்தல் ஒன்று. பெரியப்பா மாதிரி யாராவது கூட வர நின்றால், சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டுத் தனியாகப் போகட்டும்.